ஓட்டோ கெர்ஸ்ட்னரின் மரண அறிவித்தல்

அன்று கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்: வீட்டுக்கு மூத்தவரும், யாழ்ப்பாணத்து ஊரில் பிறப்பு இறப்பு விவாகப் பதிவாளராக இருந்தவருமான பேரின்பநாதன், அவருடைய மகன் ஸ்ரீதரன், ஸ்ரீதரனின் மனைவியும் ஜேர்மனியில் பிறந்தவளுமான மாக்கிரட், அவர்களுடைய ஒரே மகள் நிருஷா, நிருஷாவுக்கு நிச்சயிக்கப்பட்ட மாப்பிள்ளை கீர்த்திகன், அவனுடைய தகப்பன் அருமைராசா, தாய் சிவநேசம், இரண்டு பகுதிக்கும் பொதுவானவர் என்று தன்னைத்தானே நியமித்துக்கொண்டு வந்த மகேந்திரராசா. எட்டுப் பேர். செத்தவர் ஒருவரையும் சேர்த்தால் ஒன்பது. அவரைச் சேர்ப்பதா விடுவதா என்பதுதான் அன்றைய வழக்கு.

மேசையில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. றோல்ஸும் உழுந்து வடையும் வைத்த இடத்திலேயே இருந்தன. அருமைராசாவும் மனைவியும் ஒன்றையும் தொடவில்லை. சம்பந்தம் செய்யப் போகிற வீட்டில் வந்து குந்திக்கொண்டு ஒரு வாய் தேநீர் குடியாமல் இருப்பதற்கு என்ன கருத்து என்பது பேரின்பநாதனுக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. எண்பத்தைந்து வயதிலும் கதிரையின் சாய்மானத்தில் முதுகு படாமல் இருக்கிறவர் அவர். மொன்றியலில், கார்ட்டியர்வில்லில் இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து அவருடைய மேசையில் ஒருவரும் கோப்பையை நிரம்பியபடி விட்டுப் போனதில்லை.

"ஐயா, நான் சுத்தி வளைச்சுக் கதைக்க வரேல்லை," என்று அருமைராசா தொடங்கினார். லொங்குய்யில் அவருக்கு டெப்பனர் எனப்படும் சில்லறைக் கடைகள் இரண்டு. கல்லாவுக்குப் பின்னால் நின்று பழகிய குரல், கூடத்துக்குக் கொஞ்சம் பெரிதாகவே இருந்தது. "வெள்ளிக்கிழமை தொடக்கம் கடைக்கு வாற தமிழ்ச் சனமெல்லாம் என்ர கையைப் பிடிச்சு அனுதாபம் சொல்லுது. ஆர் செத்தது எண்டு எனக்கே தெரியாது. பால் வாங்க வந்த ஒருத்தன், 'அண்ணை, மலர்வளையம் எந்த விலாசத்துக்கு அனுப்பிறது?' எண்டு கேக்கிறான்."

மகேந்திரராசா சிரிப்பை அடக்க ஒரு வடையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

"நீங்கள் சிரியாதையுங்கோ அண்ணை. கலியாணத்துக்கு ஏழு கிழமைதான் கிடக்கு. இவவின்ர தங்கச்சி லண்டனிலயிருந்து கோல் எடுத்து, 'அக்கா, செத்த வீட்டுத் துடக்கோ? கலியாணம் பின்னுக்குப் போகுதோ? நான் ரிக்கெற்றை மாத்தட்டோ?' எண்டு கேக்கிறா."

"துடக்கு இல்லை," என்றார் பேரின்பநாதன். "சம்பந்த வழிக்குத் துடக்கு இல்லை. அதெல்லாம் பார்த்துத்தான் அறிவித்தல் போட்டனான்."

"அதைத்தான் ஐயா கேக்கிறன். ஏன் போட்டனியள்?"

அந்த அறிவித்தல் இணையத்திலும் வந்திருந்தது, வெள்ளிக்கிழமை வானொலியிலும் வாசிக்கப்பட்டிருந்தது. மொன்றியல் யாழ்ப்பாணத்தாரின் மரண அறிவித்தல்களில் பாதிக்கு மேல் பேரின்பநாதனின் கையால் திருத்தப்பட்டவை. எந்த உறவை எதற்கு அடுத்து வைப்பது, யாருக்குக் 'காலஞ்சென்ற' போடுவது, எந்த மருமகனை மறந்தால் எந்தக் குடும்பம் ஆயுளுக்கும் பகையாகும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. இதை அவர் முதல் எழுத்திலிருந்து தானே எழுதினார்.

'ஜேர்மனியைப் பிறப்பிடமாகக் கொண்ட ஓட்டோ கெர்ஸ்ட்னர் அவர்கள், 1941ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம், தமது இருபத்தோராவது வயதில், வைத்தியசாலை ஒன்றில் அரசாங்கத்தின் ஆட்களால் நச்சு வாயு செலுத்திக் கொலை செய்யப்பட்டார். அன்னார் காலஞ்சென்ற யோஹான் – அன்னா தம்பதிகளின் அன்பு மகனும், காலஞ்சென்ற பிரீட்ரிக்கின் பாசமிகு அண்ணனும், மாக்கிரட்டின் பெரியப்பாவும், ஸ்ரீதரனின் மாமனாரும், நிருஷா, கீர்த்திகன் ஆகியோரின் அன்புப் பாட்டனாரும், பேரின்பநாதனின் சம்பந்தியும், லொங்குய்யைச் சேர்ந்த அருமைராசா – சிவநேசம் தம்பதிகளின் வருங்காலச் சம்பந்த வழி உறவினரும் ஆவார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கின்றோம்.'

கடைசியில் அருமைராசா தம்பதிகளைச் சேர்த்தது மரியாதைக்கு. விட்டிருந்தால் அதுதான் அவமானம். பேர் விடுபட்டதற்காகச் செத்த வீட்டு வாசலில் நின்று சண்டை பிடித்தவர்களைப் பேரின்பநாதன் இரண்டு நாட்டிலும் கண்டிருக்கிறார். பேர் சேர்த்ததற்காக ஒருவர் சண்டைக்கு வருவார் என்பது அவருடைய கணக்கில் இல்லை.

இந்த விஷயம் பங்குனியில் தொடங்கியது. மாக்கிரட் இரண்டு கிழமை ஜேர்மனிக்குப் போய் வந்தாள். அவளுடைய தகப்பனின் அண்ணன் ஓட்டோவைப் பற்றி அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்தது ஒரு வரிதான்: வாலிப வயதில் நியுமோனியாவில் செத்தவர். மாக்கிரட்டுக்கும் அவ்வளவுதான் சொல்லப்பட்டிருந்தது. ஸ்ரீதரன், கனடாவுக்கு வரும் முன்பு அகதியாகப் போயிருந்த ஜேர்மனியில், அவளைக் கட்டப்போகிறேன் என்று அறிவித்தபோது, பேரின்பநாதன் கோபத்தோடு கோபமாக ஒரு கேள்வியையும் கேட்டு எழுதியிருந்தார்: குடும்பத்தில் பரம்பரை வருத்தம் ஏதும் உண்டோ? ஒன்றும் இல்லை, பெரியப்பா ஒருவர் மட்டும் நியுமோனியாவில் செத்தார் என்று பதில் வந்தது. அவரும் ஏற்றுக்கொண்டார்.

இப்போது மாக்கிரட் திரும்பி வந்து, சாப்பாட்டு மேசையில் வைத்து மற்றக் கதையைச் சொன்னாள். ஓட்டோ பால் பண்ணையில் வேலை செய்த பெடியன். அக்கோர்டியன் வாசிப்பான். வலிப்பு வரும். அதற்காக மனநோயாளரின் ஆஸ்பத்திரியில் விட்டார்கள். ஒருநாள் சாம்பல் நிற பஸ் ஒன்று வந்து அவனையும் வேறு பலரையும் மலையடிவாரத்தில் இருந்த இன்னொரு ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனது. குளிக்க வேண்டும் என்று உடுப்பைக் கழற்றச் சொன்னார்கள். நிலவறையில் குளிக்கும் அறை மாதிரி ஓடு பதித்து, குழாய் பூட்டி, ஓர் அறை செய்து வைத்திருந்தார்கள். குழாயால் தண்ணீர் வரவில்லை.

"சண்டை முடிஞ்ச பிறகு அந்த அறைக்கு வெள்ளை அடிச்சுப்போட்டு உருளைக்கிழங்கு அடுக்கினவை, மாமா," என்றாள் மாக்கிரட். முப்பது வருடம் இந்த வீட்டில் கதைத்துப் பழகிய தமிழ். ஆனாலும் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி வைத்துத்தான் கதைப்பாள். "எத்தினையோ வருஷம். ஊரில எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் கதைக்கேல்லை. இப்பதான் அதை நினைவிடமாக்கினம். வெள்ளையைச் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தவை. குழாய் போன ஓட்டையெல்லாம் வெளியில வந்திட்டுது. புதுசா ஒண்டும் கட்டமாட்டினமாம். சுரண்டி, விட்டுவிடப் போயினம். சுவரில ஆக்களின்ர பேர் மட்டும் வரும்."

பேரின்பநாதன் பிசைந்த சோற்றை வாயில் வைக்காமலே கேட்டார்:

"அந்தச் சாவைப் பதிஞ்சவன் ஆர், பிள்ளை?"

மற்றவர்களுக்கு அது ஒரு விசித்திரமான கேள்வியாகப் பட்டிருக்கும். மாக்கிரட்டுக்குப் படவில்லை.

"அங்கையே ஒரு பதிவுக் கந்தோர் வைச்சிருந்தவங்கள், மாமா. அதே கட்டடத்தில."

"கீழை கொல்லுறது, மேலை பதியிறது?"

"ஓம். பெரியப்பாவுக்கு நியுமோனியா எண்டு எழுதினவங்கள். மற்ற ஆக்களுக்கு வேற வேற வருத்தம். குடல்வாலை முந்தியே வெட்டி எடுத்த ஆளுக்கும், குடல்வால் வெடிச்சுச் செத்தார் எண்டு எழுதியிருக்கினம். திகதியும் பொய். பிறகு சாம்பல் அனுப்பினவை. ஆற்ற சாம்பலோ தெரியாது. ஒரு குவியலில அள்ளிப் போட்டது. என்ர அப்பம்மா அதைத்தான் தாட்டவ. அதுக்குத்தான் சாகும் வரைக்கும் பூ வைச்சவ."

பேரின்பநாதன் எழும்பிப் போய்க் கையைக் கழுவினார். சோறு அப்படியே கிடந்தது.

கொலைகாரரைப் பற்றி அவர் தன் ஆயுளில் போதிய அளவு கேள்விப்பட்டிருந்தார், கண்டும் இருந்தார். அவருடைய நெஞ்சில் போய்த் தைத்தது அந்த மேல்மாடிக் கந்தோர்தான். மேசை, கதிரை, மை, முத்திரை எல்லாம் வைத்துக்கொண்டு, தன்னைப் போல ஒருவன், கழுத்துப் பட்டி கட்டின ஒரு பதிவாளன், கீழே ஆட்கள் செத்துக்கொண்டிருக்க மேலே இருந்து நியுமோனியா என்று எழுதியிருக்கிறான். எழுதிவிட்டு மத்தியானம் சாப்பிட்டிருக்கிறான். மாதம் முடிய சம்பளமும் எடுத்திருக்கிறான்.

எண்பத்தைந்தாம் ஆண்டு ஊர்ச் சந்தியில் இரண்டு பெடியங்களை இராணுவம் சுட்டபோது, ஓர் அதிகாரி பேரின்பநாதனின் வீட்டுக்கு வந்து, காரணம் என்ற இடத்தில் 'விபத்து' என்று எழுதும்படி மரியாதையாகவே சொன்னான். அவர் 'துப்பாக்கிச் சூடு' என்று எழுதினார். அடுத்த மாதம் உத்தியோகம் போனது. அதை அவர் ஒருவருக்கும் பெருமையாகச் சொன்னதில்லை. செய்ய வேண்டியதைச் செய்ததில் பெருமைக்கு என்ன இருக்கிறது என்பது அவருடைய எண்ணம். ஆனால் அதே ஆள், முன்பின் தெரியாத ஒரு நாய் எழுதிய நியுமோனியாவை நம்பி, முப்பது வருடமாக அந்தப் பொய்யைத் தன் கூரைக்குள்ளேயே, தன் அனுமதியோடு, குடியிருத்தி வைத்திருக்கிறார்.

நினைவிடத்துக்காரர் மாக்கிரட்டிடம் ஒன்று கேட்டிருந்தார்கள். உயிரோடு இருக்கிற ஒரே நெருங்கிய உறவு அவள்தான். முழுப் பேரையும் சுவரில் போடுவதா, அல்லது 'ஓட்டோ கே.' என்று ஓர் எழுத்தோடு நிறுத்துவதா? சில குடும்பங்கள் வெளியே தெரிய விரும்பவில்லையாம். மாக்கிரட் இன்னும் பதில் சொல்லவில்லை. முழுப் பேரைப் போடத்தான் அவளுக்கு விருப்பம். ஆனால் மகளின் கலியாணம் முன்னால் நின்றது.

"கலியாணம் முடிய மறுமொழி சொல்லுறன், மாமா," என்றாள்.

"எண்பத்துநாலு வருஷம் பிந்திப்போச்சு பிள்ளை. இன்னும் என்னத்துக்குப் பிந்த?"

தன் வீட்டு மருமகளின் பெரியப்பா என்றால் தனக்குச் சம்பந்தி. தன் சம்பந்தி ஒருவர் கொலையுண்டு கிடக்க, ஓர் அறிவித்தல்கூட இல்லை. இதைவிடப் பெரிய மானக்கேடு ஒரு குடும்பத்துக்கு உண்டா? மாக்கிரட்டிடம் சொல்லிவிட்டு அவர் எழுத உட்கார்ந்தார். அப்படித்தான் அறிவித்தல் வந்தது. அதற்குப் பின்னால் அருமைராசா வந்தார்.

"ஐயா, நீங்கள் பெரிய மனுசன். உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை," என்று அருமைராசா தொடர்ந்தார். "ஆனா ஒரு விசர் ஆஸ்பத்திரியில இருந்தவரின்ர பேருக்குக் கீழை என்ர பேரைக் கொண்டுபோய்ப் போட்டிட்டியளே. என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டனீங்களோ?"

"வலிப்பு, மாமா," என்றாள் நிருஷா. மருந்துக்கடையில் வேலை செய்கிறவள்; நோயின் பேரைப் பிழையாகச் சொல்ல விடமாட்டாள். "விசர் இல்லை."

"சனத்துக்கு ரெண்டும் ஒண்டுதான், பிள்ளை."

"விசர் எண்டால்?" மாக்கிரட் கேட்டாள். "விசர் எண்டால் கொல்லலாமோ?"

"ஐயோ, நான் அப்பிடிச் சொன்னனானே!"

சிவநேசம் அதுவரை கைப்பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். கெட்ட மனம் படைத்தவர் அல்ல. பயந்தவர்.

"மாக்கிரட், நீங்கள் குறை நினைக்காதையுங்கோ. நானும் ஒரு தாய். நாளைக்கு இதுகளுக்குப் பிள்ளை குட்டி பிறக்கும். இரத்தம் எண்டு ஒண்டிருக்கெல்லே? முந்தியே சொல்லியிருக்கலாம்."

மாக்கிரட் அவர் பக்கம் திரும்பினாள். சத்தம் உயரவில்லை.

"அவங்களும் இதைத்தான் சொன்னவங்கள், அக்கா. இரத்தம் எண்டு. இதைச் சொல்லித்தான் பஸ்ஸில ஏத்தினவங்கள்."

வெளியே தெருவில் பனி உருகி ஓடிய தண்ணீரைக் கார் ஒன்று அடித்துக்கொண்டு போனது. சிவநேசத்தின் முகம் கறுத்துப்போயிற்று. ஸ்ரீதரன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். தகப்பன் கையை உயர்த்தவும் நிறுத்திக்கொண்டான்.

இந்த இடத்தில்தான் மகேந்திரராசா தன் பொதுத் தொண்டைத் தொடங்கினார். வடையை விழுங்கி, கையைத் துடைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இதுக்கு ஏன் இவ்வளவு கரைச்சல்? ஒரு வழி இருக்கு. ஒருத்தருக்கும் நட்டமில்லை. அந்த நாட்டு அரசாங்கமே நியுமோனியா எண்டு எழுதிக் குடுத்திருக்குத்தானே? முத்திரையெல்லாம் குத்திக் குடுத்தது. அப்ப நாங்கள் பொய் சொல்லத் தேவையில்லை. 'கொலை செய்யப்பட்டார்' எண்டதை எடுத்துப்போட்டு, 'நியுமோனியாக் காய்ச்சலால் காலமானார்' எண்டு போடுவம். அந்த நினைவிடத்துச் சுவரிலயும் பேரை ஒரு எழுத்தோட நிப்பாட்டச் சொல்லுவம். கலியாணம் நடக்கும். செத்தவருக்கும் அறிவித்தல் வந்தமாதிரி இருக்கும். என்ன சொல்லுறியள், அருமைராசா?"

"அது எனக்குச் சரி," என்றார் அருமைராசா உடனேயே. நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தவர் மாதிரி அவருடைய தோள்கள் தளர்ந்தன. "நியுமோனியா எண்டால் சரி. அது ஆருக்கும் வாறது. மரியாதையான சாவு."

பேரின்பநாதன் எழுந்து நின்றார். தடியைப் பிடிக்காமல் நின்றார்.

"மகேந்திரராசா," என்றார். "நீர் இப்ப செய்தது என்ன எண்டு உமக்குத் தெரியுமோ?"

"என்னண்ணை, சமாதானத்துக்கு…"

"அந்த மேல்மாடிக் கந்தோரில ஒரு கதிரை காலியாக் கிடக்குதாம். நீர் வந்து கார்ட்டியர்வில்லில என்ர மேசைக்கு முன்னால அதைப் போட்டுக்கொண்டு அதில இருக்கிறீர். அவன் எழுதினதை அப்பிடியே திருப்பி எழுதச் சொல்லுறீர். அதுவும் என்னை. என்ர கையால."

"அண்ணை, நான் ஒரு பேச்சுக்கு…"

"அந்தப் பெடியன் காய்ச்சலால சாகேல்லை. சுகமாயிருந்த பெடியன். உடுப்பைக் கழட்டிப்போட்டு, குளிக்கப்போறன் எண்டு நினைச்சு நிண்டவன். அவன்ர தாய்க்கு ஆற்றையோ சாம்பலைக் குடுத்து, அதுக்குப் பூவும் வைக்கப் பண்ணினவங்கள். அந்த அறைக்குள்ளை உருளைக்கிழங்கு அடுக்கினவங்கள். எண்பத்துநாலு வருஷத்துக்குப் பிறகு இப்பதான் அந்த ஊர்ச்சனத்துக்கு வெக்கம் வந்து, சுவரில அடிச்ச வெள்ளையைச் சுரண்டுதுகள். அங்கை சுரண்டிற வெள்ளையை இஞ்சை நாங்கள் திருப்பி அடிக்கிறதோ? ஆருக்காக? லண்டனில ஒரு மனுசி ரிக்கெற் மாத்தாமல் இருக்கிறதுக்காகவோ?"

அருமைராசாவும் எழுந்தார். பெண் வீட்டில் ஒரு கிழவனின் குரலுக்கு அடங்கிப் போவது அவருக்கும் மானப் பிரச்சினைதான்.

"அப்ப முடிவாச் சொல்லுறன், ஐயா. நீங்கள் எதையும் எழுதுங்கோ. அது உங்கட குடும்பம். எங்கட பேரை எடுத்துப்போடுங்கோ. எடுக்காட்டி இந்தக் கலியாணத்தைப் பற்றி நான் யோசிக்க வேண்டிவரும்."

நிருஷாவின் கை கீர்த்திகனின் கைக்குப் பக்கத்தில் கதிரையின் மேல் இருந்தது. அவள் அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பேரின்பநாதன் அதைக் கண்டார். இந்த வீட்டில் அவர் ஒருவருக்காவது வளைந்து கொடுப்பார் என்றால் அது அந்தப் பிள்ளைக்குத்தான். அவளுடைய முகத்தைப் பார்த்தார். அவள் தலையைக் குனியவில்லை. அவருடைய முகத்தையே நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். வளைந்து கொடுங்கோ என்று அந்த முகத்தில் இல்லை.

"சரி," என்றார். "உங்கட பேரை எடுக்கச் சொல்லுறது உங்கட உரிமை. கேட்காமல் போட்டது என்ர பிழை, அதை ஒத்துக்கொள்ளுறன். நிருஷா, கொம்பியூட்டரைக் கொண்டு வா. இப்பவே எடுப்பம்."

நிருஷா கொண்டுவந்து மேசையில் வைத்துத் திறந்தாள். றோல்ஸ் தட்டைத் தள்ளி வைக்க வேண்டியிருந்தது.

"'லொங்குய்யைச் சேர்ந்த அருமைராசா சிவநேசம் தம்பதிகளின் வருங்காலச் சம்பந்த வழி உறவினரும்' எண்டு கிடக்கு. அதை எடு."

எடுத்தாள்.

"இப்ப, தம்பி கீர்த்திகன்." அவர் அவனைத் தம்பி என்று அழைத்தாலும், கேட்டது பதிவுக் கந்தோரில் சாட்சியைக் கேட்பது போல இருந்தது. "உம்மட பேர் மேலை கிடக்குது. நிருஷாவுக்குப் பக்கத்தில, பாட்டனார் எண்ட இடத்தில. அதையும் எடுக்கட்டோ?"

டோர்வலில் விமானக் கம்பனி ஒன்றில் வேலை செய்கிற பெடியன். வந்ததிலிருந்து வாய் திறக்கவில்லை. தகப்பனுக்கு முன்னால் வாய் திறந்து பழக்கமில்லாதவன். அவன் தகப்பனைப் பார்த்தான், தாயைப் பார்த்தான், பிறகு மாக்கிரட்டைப் பார்த்தான்.

"என்ர பேர் இருக்கட்டும், அப்பப்பா," என்றான்.

"டேய்!" என்றார் அருமைராசா.

"அந்தாள் நிருஷாவுக்குப் பாட்டன் எண்டால் எனக்கும் பாட்டன்தானே, அப்பா. நான் கலியாணம் கட்டத்தானே போறன். நீங்கள் வேண்டாமெண்டால் உங்கட பேரை எடுங்கோ. என்ரயை எடுக்கேலாது."

"உன்ர பேர் தனியவோ?" என்றார் சிவநேசம். "தாய் தேப்பன் இல்லாத பிள்ளையே நீ? ஊர் வாசிக்கும்!"

"வாசிக்கும்தான்," என்றார் மகேந்திரராசா. மூக்குடைபட்ட பிறகும் உண்மை சொல்லாமல் இருக்க முடியாத மனிதர். "வெள்ளிக்கிழமை வந்த அறிவித்தலில ரெண்டு பேரும் இருந்தவை. ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் இல்லை. பெடியன் மட்டும் இருக்கிறான். சனம் என்ன சொல்லும்? றெஜிஸ்தார் ஐயா தாய் தேப்பனை வெட்டிப்போட்டார், ஏதோ பெரிய சண்டை எண்டுதான் சொல்லும். துடக்குக் கேட்டுக் கோல் எடுத்த சனம் இனிச் சண்டைக்கு எடுக்கும்."

ஒரு மரண அறிவித்தலில் பேர் இருப்பதால் வருகிற சங்கடத்துக்கும், இருந்த பேர் இல்லாமல் போவதால் வருகிற சங்கடத்துக்கும் இடையே எடை போட அருமைராசாவுக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. நாற்பது வருடம் இந்தச் சனத்துக்குள் சாமான் விற்ற மனிதர்.

சிவநேசம்தான் முதலில் கையை நீட்டினார். கைப்பையை நிலத்தில் வைத்துவிட்டு, ஆறிப்போன தேநீரை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"இருக்கட்டும் பிள்ளை," என்றார் நிருஷாவிடம். "எங்கட பேரைத் திருப்பிப் போடு." பிறகு மாக்கிரட்டின் பக்கம் திரும்பாமலே, "அந்தப் பெடியனுக்கு இருபத்தொரு வயதோ?" என்று கேட்டார்.

"ஓம், அக்கா."

"எங்கட கீர்த்திகனிலும் சின்னன்."

பேரின்பநாதன் இன்னும் இருக்கவில்லை. வென்றவர் மாதிரி ஒரு சொல்லும் பேசவில்லை. ஆனால் விட்டும் கொடுக்கவில்லை.

"பேர் இருந்தால் காரணமும் இருக்கும், அருமைராசா. அதில ஒரு சொல்லும் மாறாது."

அருமைராசா தொப்பியைத் தேடினார். "எழுதினதை எழுதிப்போட்டியள்," என்றார் வாசலைப் பார்த்துக்கொண்டு. "இனி நான் என்ன சொல்ல." தேநீர் குடிக்காமலே போனார். அவருடைய கோப்பை மட்டும் நிரம்பியபடி மேசையில் இருந்தது. அதைப் பேரின்பநாதன் மறக்கவில்லை. மறக்கிற உத்தேசமும் இல்லை.

அவர்களுடைய கார் மூலை திரும்பும் முன்பே மாக்கிரட் ஜேர்மனிக்கு மறுமொழி அனுப்பினாள். முழுப் பேரும் போடவும் என்று.

கலியாணம் ஆனியில் லொங்குய்யில் நடந்தது. லண்டன் தங்கச்சி ரிக்கெற் மாற்றாமல் வந்து சேர்ந்தார். அருமைராசா பட்டு வேட்டியோடு வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றார். பேரின்பநாதனுக்குக் கை கூப்பினார், முகம் பார்க்கவில்லை.

நினைவிடம் புரட்டாதியில் திறக்கப்பட்டது. மாக்கிரட்டும் ஸ்ரீதரனும் நிருஷாவும் கீர்த்திகனும் போனார்கள். கீர்த்திகன் சுவரைப் படம் எடுத்து அனுப்பினான். வெள்ளை சுரண்டிய கரடுமுரடான சுவர். குழாய் போன ஓட்டைகளை அடைக்கவில்லை. அடுத்த சுவரில் பேர்கள். சில பேர்கள் ஓர் எழுத்தோடு நின்றன. அந்தப் பேர்களைக் காணப் பேரின்பநாதனுக்கு முன்பின் தெரியாத அந்தக் குடும்பங்களின் மேலேயே ஆத்திரம் வந்தது. பெற்றுப் பேர் வைத்தவர்களின் வேலையைப் பாதியில் வெட்டி எறிய இவர்கள் யார்? பிறகு ஓட்டோவின் பேருக்கு வந்தார். பூதக்கண்ணாடியை வைத்து, ஜேர்மன் எழுத்துகளை ஒவ்வொன்றாக மாக்கிரட் எழுதித் தந்ததோடு ஒத்துப் பார்த்தார். ஓர் எழுத்தும் குறையவில்லை. பிறந்த திகதியும் இருந்தது. செத்த திகதி உண்மையான திகதி.

ஐப்பசியில் டோர்வலில் ஒரு செத்த வீட்டின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாடு. பந்தியில் பேரின்பநாதனுக்குப் பக்கத்தில் இருந்தவர், லொங்குய்க்காரர், அவ்வளவு பழக்கமில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே கதை கொடுத்தார்.

"ஐயா, உங்கட மருமகளின்ர பெரியப்பாவின்ர கதையைக் கேள்விப்பட்டனான். அருமைராசா கடையில வைச்சுச் சொன்னவர். பாவம், வாலிப வயதில நியுமோனியாவாம் என்ன? அந்த நாளில மருந்தும் இல்லைத்தானே."

பேரின்பநாதன் கையை இலையிலிருந்து எடுத்தார். பந்தி முழுவதுக்கும் கேட்கும்படி, ஆனால் சத்தம் போடாமல், பதிவு வாசிக்கிற குரலில் சொன்னார்:

"நியுமோனியா இல்லை. அருமைராசா சொன்னது பிழை. ஓட்டோ கெர்ஸ்ட்னரை ஆஸ்பத்திரிக்குள்ளை வைச்சு, நச்சு வாயு அடிச்சுக் கொலை செய்தவங்கள்."